வடமதுரைச் சாலையிலிருந்து மலை என்ன நிறம்?

திண்டுக்கல் மலை கறுப்பு என்று என் கணவரின் ஊரார் சொல்கிறார்கள். நான் நீலம் என்கிறேன். அடர் நீலம்கூட அல்ல; சாம்பல் கலந்து வெளுத்து, வானத்தில் பாதி கரைந்துபோன நீலம். மலாயாவில் பிறந்து வளர்ந்தவளுக்கு எங்கள் மலையைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நானே அதைப் பல தடவை என்னிடம் கேட்டுக்கொண்டேன். கேட்டுப் பார்த்த பிறகும் நீலம்தான்.

கிள்ளானிலிருந்து நாங்கள் கப்பலேறியது குழந்தைக்கு முதல் மொட்டை போடுவதற்காக. செல்விக்கு ஒன்றரை வயது. என் கணவரின் குலதெய்வம் வடமதுரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் முடியை அங்கேதான் இறக்க வேண்டும். போகிற வழியில் ஒரு வேலையையும் நான் சேர்த்துக் கட்டிக்கொண்டேன். எங்கள் தெருமுனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய் திண்டுக்கல்காரர். தமிழ்ப் பள்ளியில் நான் சித்திரம் சொல்லிக்கொடுப்பது அவருக்குத் தெரியும்.

"டீச்சர், எங்க ஊரு மலையை எழுதிக் கொண்டாங்க. கடைச் சுவத்துல மாட்டுறேன். ஆனா ஒண்ணு. திண்டுக்கல்லுல எங்க அக்கா இருக்கு. அது பாத்து, இது நம்ம ஊருதான், மாட்டுன்னு சொல்லணும். அக்கா சொல்லிட்டா எனக்கு மறுபேச்சு இல்லை" என்றார்.

நான் படம் எழுதுவது என் கணவருக்குப் பிடிக்காது என்று சொல்ல முடியாது. கவலை, அவ்வளவுதான். ஒரு நாள் நான் கண்ணை எடுத்த நேரத்தில் செல்வி வெள்ளை வண்ண டியூபை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். மூடி திறக்கவில்லை. ஆனால் திறந்திருந்தால் என்ற நினைப்பு என்னை விட்டு அகலவில்லை. அன்று இரவு நானாகவே சொன்னேன்: "காதர் பாய் கேட்ட இந்த ஒரு படத்தை எழுதிப் பாக்குறேன். சரிப்பட்டு வரலைன்னா பெட்டியை மூடி வச்சிடுறேன்." அவர் "சரி" என்றார். யாரும் கேட்டு வாங்கிய வாக்கு அல்ல. அதனால்தான் அது பெட்டியைவிடக் கனமாகக் கூடவே வந்தது.

திண்டுக்கல்லில் இறங்கியதும் முதலில் கண்ணில் அறைந்தது வெளிச்சம். கிள்ளானில் மத்தியானத்துக்கு மேல் மழை வந்து ஊரைக் கழுவிவிட்டுப் போகும். மரம், கூரை, பஸ் எல்லாம் இப்போதுதான் துடைத்து வைத்ததுபோல் இருக்கும். இங்கே மாசி மாதம், மழை பெய்து மாதக்கணக்காகிறது. காற்றிலேயே மண் இருந்தது. செல்வி இரண்டு தும்மல் போட்டாள். சளி பிடித்துவிட்டது என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

காதர் பாயின் அக்கா பெயர் மைமூன். அவர் வீட்டுக்காரர் தோல் வியாபாரி. வீடு மலையடிவாரத்தில். தம்பி கொடுத்தனுப்பிய சீலைத் துணியை அவர் வாங்கி முகர்ந்து பார்த்தார். "கப்பல் வாடை" என்றார். பிறகு எங்களை உட்காரவைத்துப் பிரியாணி போட்டார். சின்னச் சின்ன அரிசி. பல்லால் கடிக்க வேண்டிய அவசியமே இல்லாத கறி. கிள்ளானில் காதர் பாய் கடையில் சாப்பிடுவது இதன் நிழல் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. நிழலுக்கே அங்கே அவ்வளவு கூட்டம்.

குழந்தைக்குக் கொடுத்த தண்ணீர் காய்ச்சியதுதானா என்று கேட்டேன். ஆமாம் என்றார்கள். செத்த நேரம் கழித்து மறுபடி கேட்டேன்.

"வெந்நிதான் பிள்ள. கொதிக்கக் கொதிக்கக் காச்சி ஆத்தினது. நம்பிக்கை இல்லைன்னா அடுப்பு இன்னும் சூடாத்தான் இருக்கு, கையை வச்சுப் பாரு" என்றார் மைமூன் அக்கா. என் கணவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் குவளையை முகர்ந்து பார்த்தேன்.

கொல்லைக் கதவைத் திறந்தால் மலை. மலை என்றால் தூரத்தில் தெரிவது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது புதிது. எதிர்வீட்டுச் சுவர்போல நின்றது. கழுத்தைப் பின்னால் சாய்த்தால்தான் உச்சியில் கோட்டை மதில் தெரிந்தது. மழைநீர் வழிந்த கறையும் பிளவில் முளைத்த புல்லும் கையெட்டும் தூரத்தில் இருப்பதுபோல இருந்தன. கன்னங்கரேல் என்ற கல்.

"நல்லாப் பாத்துக்க. நாப்பது வருசமா இதைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். நீ ஒரு கோடு தப்பாப் போட்டாலும் கண்டுபுடிச்சிருவேன்" என்றார் அக்கா.

கொல்லையிலேயே உட்கார்ந்து எழுதிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் அங்கிருந்து கல்லை எழுதலாம். ஊரை எழுத முடியாது. வயலும் மரமும் வானமும் கூட வேண்டும். வடமதுரைப் பக்கம் போய்த்தான் எழுத வேண்டும் என்று தீர்மானித்தேன். தீர்மானித்ததும், இங்கேயே எழுதியிருக்கலாமோ என்று தோன்றியது.

வடமதுரை பஸ்ஸில் நான் கொண்டு வந்த பலகையைப் பார்த்து இரண்டு பெண்கள் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். கித்தான் ஒட்டிய பலகை, என் இடுப்பு உயரம். பக்கத்தில் இருந்த அம்மாள் எனக்கு அதைத் தமிழில் சொன்னார்: "இந்தப் பொண்ணு, வீட்டுக்கு ஒத்தைக் கதவை மட்டும் வாங்கிட்டுப் போகுதே, இன்னொரு கதவை யாரு வாங்குவான்னு கேக்குறாக."

"படம் எழுத" என்றேன். அவர் அதைத் தெலுங்கில் திருப்பிச் சொன்னார். அந்தப் பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு மேலும் ஏதோ சொன்னார்கள். அதை அவர் மொழிபெயர்க்கவில்லை.

என் கணவரின் அண்ணன் வீட்டில் தங்கினோம். நான் அவரைப் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். பெரிய சம்சாரி, கடலையும் சோளமும் போடுகிறார், கிணற்றடியில் கொஞ்சம் மல்லிகை. அவர் மனைவி அங்கம்மா அக்காவுக்கு நான் சாப்பிடுவது போதவே போதாது. "ஏத்தா, கோழி கொத்துற மாதிரிச் சாப்பிடுறே. சோளச்சோத்துக்கு மொச்சைக்கொட்டை வெஞ்சனம் வச்சிருக்கேன், அள்ளித் தின்னு" என்பார். செல்விக்கு மொட்டை போட்டது மறுநாளே நல்லபடியாக முடிந்தது. அழுதது நான்தான். அவள் சந்தனம் தடவிய தலையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு, முடி எங்கே போயிற்று என்று தேடினாள்.

அதற்கடுத்த நாள் படத்தைத் தொடங்கினேன். திண்டுக்கல் சாலையை ஒட்டிப் பெரியத்தானுக்கு ஒரு காடு இருந்தது. இங்கே காடு என்றால் மரக்கூட்டம் அல்ல, மானாவாரி நிலம். ஒரு கயிற்றுக் கட்டிலை நிமிர்த்தி வேப்பமரத்தில் சாய்த்து அதன் மேல் பலகையை வைத்தேன். காலை வெயில் முதுகில். எதிரே செம்மண், சோளத்தட்டை நின்ற வயல்கள், புளியமரங்கள், அதற்கு அப்பால் ஏழெட்டு மைலில் மலை. இடது பக்கம் சிறுமலைத் தொடர். எல்லாவற்றுக்கும் பின்னே, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி கொடைக்கானல் மலைகள்.

எனக்கு வந்த சிக்கலை இங்கே சொல்ல வேண்டும். என் அப்பா தோட்டத்தில் கிராணி, கணக்கு எழுதுகிறவர். நான் ரப்பர் மரங்களுக்கு நடுவில் வளர்ந்தவள். ரப்பர் தோட்டத்தில் தூரத்தை எழுதுவது சுலபம். மரவரிசைகள் இரண்டு பக்கமும் குறுகிக்கொண்டே ஓடி ஒரு புள்ளியில் போய் முடியும். கோடு போட்டால் போதும், தூரம் தானாக வந்துவிடும். இந்தச் சமவெளியில் கோடே இல்லை. வரப்புகள் இஷ்டத்துக்கு வளைகின்றன. மரங்கள் நினைத்த இடத்தில் நிற்கின்றன. கண் பிடித்துக்கொண்டு போக எதுவும் இல்லாமல் நிலம் பரந்து கிடக்கிறது.

அதனால் நான் ஒரு தந்திரம் செய்தேன். முன்னால் பெரிதாக ஒரு மாட்டுவண்டி. அதற்கு அப்பால் கொஞ்சம் சின்னதாகக் களையெடுக்கும் இரண்டு பெண்கள். இன்னும் தள்ளி விரல்நகம் அளவுக்கு ஆடுகள். அதற்கும் அப்பால் புள்ளியாக ஒரு மனிதர். பெரிது, சிறிது, மிகச் சிறிது என்று கண் தாவித் தாவி மலைக்குப் போய்விடும். போயிற்று. பெரியத்தான் பார்த்துவிட்டு, "ஏம்மா, வண்டி மாடு நம்ம மயிலைக் காளை மாதிரியே இருக்கு" என்றார். எனக்கு அன்று சோளச்சோறு இரண்டு உருண்டை அதிகமாக இறங்கியது.

செல்விக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. டவுனில் டாக்டரிடம் காட்டப் போன சாக்கில் படத்தையும் எடுத்துக்கொண்டேன். பஸ்ஸுக்குள் இடம் இல்லை. கண்டக்டர் பலகையை மேலே வெங்காய மூட்டைகளுக்கு நடுவில் போட்டுவிட்டார். "ஈரம் காயலீங்க" என்று கத்தினேன். "அதான் காத்தோட்டமா வச்சிருக்கேன்" என்று பதில் வந்தது. திண்டுக்கல்லில் இறக்கியபோது வானத்தில் வெங்காயச் சருகுகள் ஒட்டியிருந்தன. ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பிய்த்தேன்.

மைமூன் அக்கா படத்தைச் சுவரோரம் வைத்து வெகுநேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். அந்தத் 'தான்' எனக்குப் பிடிக்கவில்லை.

"மாடு, ஆடு, பொம்பளைக எல்லாத்தையும் எடுத்துரு பிள்ள."

"ஏன் அக்கா? சரியா வரலையா?"

"சரியா வந்ததுதான் கெட்டுது. காதரு கடையில படம் மாட்டுற எடத்துலதான வேலையாளுக எல்லாம் தொழுவாக? உசுரு உள்ளதைச் சுவத்துல மாட்டிட்டு அதுக்கு முன்னாடி எப்பிடித் தொழுறது? அவன் சொல்லலையா ஒனக்கு?"

சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே அவருக்குத் தோன்றியிருக்காது. உப்புப் போட்டுச் சமையுங்கள் என்று யாரும் சொல்வதில்லையே. எனக்காவது தெரிந்திருக்க வேண்டும். காதர் பாய் கடையில் எந்த முகமும் எந்தச் சுவரிலும் இருந்ததில்லை என்பதை இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன். ஆனால் நகத்தளவு ஆட்டுக்கும் அந்த விதி உண்டு என்று யோசிக்கவில்லை.

வீடு திரும்பி, துணியில் டர்பன்டைன் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். வண்டி போயிற்று. பெண்கள் போனார்கள். ஆடுகள் போயின. கடைசியில் அந்தப் புள்ளி மனிதரும் போனார். எழுந்து நின்று பார்த்தால் தூரமும் போயிருந்தது. முன்னால் இருந்த சோளமும் மலையும் ஒரே தட்டில் வைத்த சோறும் குழம்பும்போல இருந்தன. மலை நிலத்துக்கு அப்பால் நிற்கவில்லை. நிலத்தின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

ஊர் திரும்ப ஐந்தாறு நாட்களே மிச்சம். இப்படியே கொடுத்துவிடலாமா என்று ஒரு மனம். அங்கம்மா அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "வெறுங்காடா ஆக்கிட்டியே ஆத்தா" என்றார். அந்தச் சொல்லோடுதான் அன்று படுத்தேன்.

விடிந்ததும் காட்டுக்குப் போனேன். வண்ணப் பெட்டியைத் திறக்கவில்லை. சும்மா பார்த்தேன். கைக்கு எட்டிய புளியங்கிளையில் ஒரு கொத்தை ஒடித்து, தூரத்துப் புளியமரங்களுக்கு நேராகப் பிடித்து, ஒரு கண்ணை மூடினேன். கையில் இருந்தது பச்சை. அங்கே இருந்தது பச்சை அல்ல. பச்சை என்று எனக்குத் தெரிந்ததால் பச்சை என்று எழுதியிருக்கிறேன். அங்கே இருந்தது புகையும் தூசியும் கலந்த, பெயர் சொல்ல முடியாத ஒன்று.

பிறகு என் பின்னலை முன்னால் எடுத்து அதன் நுனியை மலைக்கு நேராகப் பிடித்தேன். என் முடி கறுப்பு. அதன் பக்கத்தில் மலை நீலம். சந்தேகமே இல்லாத நீலம்.

சந்தேகமே இல்லாமல் நான் எதையாவது பார்த்து எவ்வளவு நாளாயிற்று! அதனாலேயே இன்னொரு கண்ணையும் மாற்றி மூடிப் பார்த்தேன். நீலம்தான்.

எங்கள் ஊரில் மழை காற்றைக் கழுவிவிடுகிறது. ரப்பர் மரங்களும் கண்ணைத் தூரத்துக்குப் போகவிடுவதில்லை. நான் காற்றைப் பார்த்ததே இல்லை. இங்கே எனக்கும் மலைக்கும் நடுவில் ஏழெட்டு மைல் காற்று இருந்தது. சோளத்தட்டை எரித்த புகையும் வண்டிகள் கிளப்பிய புழுதியும் காலைப் பனியும் அதில் மிதந்தன. வண்டியையும் ஆட்டையும் எழுதத் தேவையில்லை. காற்றை எழுதினால் போதும்.

வெள்ளையில் சிறிது நீலம், வானத்து ஓரத்தில் தெரிந்த மண்சிவப்பில் ஒரு துளி. அதைக் கலந்து வண்ணத் தட்டின் ஓரத்தில் குவித்து வைத்துக்கொண்டேன். காலடியில் கிடந்த மண்ணுக்கும் கருவேல முள்ளுக்கும் அதில் ஒரு துளியும் சேர்க்கவில்லை. முள்ளை முள்ளாகவே எழுதினேன். சோளத்தட்டைக்குக் கொஞ்சம் சேர்த்தேன். புளியமரங்களுக்கு இன்னும் அதிகம். மலைக்கு வந்தபோது பாதிக்குப் பாதி. கோட்டை மதிலை எழுதவில்லை. அங்கிருந்து அது தெரியவில்லை. கொடைக்கானல் மலைகளுக்கு ஏறக்குறைய முழுதும் அந்தக் கலவைதான். மூன்று காலைகள் எழுதினேன். செம்மண் முன்னால் வந்தது. மலை பின்னால் போயிற்று. நடுவில் நடந்துபோகலாம்போல இடம் உண்டானது.

அதற்குப் பிறகுதான் சண்டை.

"ஏம்மா, மலைக்குக் காய்ச்சலா? இம்புட்டு வெளுத்துக் கெடக்கு?" என்றார் பெரியத்தான்.

"தூரத்துல இருக்கில்ல பெரியத்தான், அதான்."

"தூரத்துல இருந்தா கருங்கல்லு சுண்ணாம்புக் கல்லாயிருமா? நான் பொறந்ததுலேருந்து பாக்குறேன். அது கறுப்பு."

பார்க்க வந்த பக்கத்துக் காட்டுக்காரர் மரியாதையாக, "சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி இருக்குதுங்க" என்றார். அங்கம்மா அக்கா மட்டும் படத்திலிருந்த மண்ணைத் தொட்டுப் பார்த்து, விரலில் வண்ணம் ஒட்டிக்கொண்டதும் சேலையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

என் கணவர் இரவுச் சாப்பாட்டின்போது மெதுவாகச் சொன்னார்: "ஒரு கறுப்புதானே. கொஞ்சம் போட்டுட்டா எல்லாருக்கும் நிம்மதி. அந்த அம்மாவும் சரின்னுடுவாங்க. உனக்கும் பெட்டியை மூட வேண்டியிருக்காது."

அவர் சொன்னதில் தவறே இல்லை. கறுப்பு டியூப் பெட்டியில் தொடாமல் கிடந்தது. ஒரு மணி நேர வேலை. மைமூன் அக்கா தலையாட்டுவார். காதர் பாய் மாட்டுவார். நான் இன்னும் பல படங்கள் எழுதலாம். ஆனால் அந்தக் கறுப்பைப் பூசினால் மலை ஓடி வந்து மறுபடி வயலின் மேல் ஒட்டிக்கொள்ளும். நான் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்லித்தான் மேலும் எழுத வேண்டும் என்றால், அப்புறம் எதைப் பார்த்து எழுதுவது? "போட மாட்டேன்" என்றேன். சொன்ன குரல் எனக்கே கொஞ்சம் அதிகமாகப்பட்டது. செல்வி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் பலகையை மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். மேலே போட விடவில்லை. கண்டக்டர், "குழந்தையை மேல போட்டுக்கலாமா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. பலகையை விடவில்லை, குழந்தையையும் விடவில்லை.

மைமூன் அக்கா ஒரே பார்வையில் சொல்லிவிட்டார்: "இது நம்ம மலை இல்ல."

"உங்க மலைதான் அக்கா. வடமதுரைச் சாலையில இருந்து பாத்தா இப்படித்தான் இருக்கும்."

"கோட்டை எங்க? கறுப்பு எங்க? இது யாரோ துவைச்சுக் காயப்போட்ட மலை."

"அங்கேருந்து நீங்க பாத்திருக்கீங்களா?"

"நான் திருச்சி போயிருக்கேன், நாகூர் போயிருக்கேன். அந்த வழியாத்தான் ரயிலு போகுது."

"போகும்போது மலையைத் திரும்பிப் பாத்தீங்களா?"

அவர் யோசித்தார். பிறகு எரிச்சலோடு, "ரயிலு ஏறுனா புள்ளைகளை எண்ணுவனா, சோத்துத் தூக்கைப் பாப்பனா, மலையைப் பாப்பனா?" என்றார்.

"அப்ப இப்ப வாங்க. பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

நான்தான் சொன்னேனா என்று எனக்கே ஆச்சரியம். விருந்தாளியாக வந்தவள், வயதில் சின்னவள், அடுப்பில் உலை வைத்திருக்கும் ஒருத்தரை வெயிலில் ஏழெட்டு மைல் கூப்பிடுகிறேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் மருமகளைக் கூப்பிட்டு, உலையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி, வெள்ளைத் துப்பட்டியை எடுத்துப் போர்த்திக்கொண்டுவிட்டார். "வா. நீலமா இல்லாட்டி உன் கையாலயே கறுப்பு அடிக்கிறே" என்றார். இன்றைக்கு மலை கறுப்பாக இருந்துவிட்டால்?

குதிரை வண்டியில் பின்பக்கமாகத்தான் ஏற வேண்டும். ஏறினால் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வேண்டும். எங்கள் மடியில் செல்வி, முட்டுக்கு நடுவில் படம், எதிரே மலை. வண்டி நகர நகர அது பின்வாங்கிக்கொண்டே போயிற்று.

தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை தாண்டும்வரை மலை கறுப்பாகவே இருந்தது. மதில்கூடத் தெரிந்தது. அக்கா என் தோளில் இடித்து, "எங்க நீலம்?" என்றார்.

"இன்னும் போகணும் அக்கா."

ரயில்வே கேட்டைத் தாண்டியபோது கல்லின் கறைகள் மறைந்திருந்தன. புளியமரச் சாலைக்குள் நுழைந்து வெளியே வந்தபோது மதில் இல்லை. அக்கா துப்பட்டியை நெற்றிக்கு மேலே தள்ளிக்கொண்டு கண்ணைச் சுருக்கினார். நான் பேசாமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

"அப்பு, செத்த வெரசா ஓட்டு" என்றார் வண்டிக்காரரிடம்.

பெரியத்தானின் காட்டருகே வண்டி நின்றது. இறங்கி, படத்தை வேப்பமரத்தில் சாய்த்து வைத்தேன். அக்கா படத்தைப் பார்க்கவே இல்லை. மலையைப் பார்த்தார். அது, வானத்தின் ஓரத்தில் யாரோ மெல்லத் தடவிவிட்டதுபோல இருந்தது.

"காதரு மொத மொத கப்பலுக்குப் போனப்ப இந்த வழியாத்தான போனான்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப அவன் கடைசியாப் பாத்தது இதைத்தான்."

நான் செல்வியை இடுப்பு மாற்றி வைத்துக்கொண்டேன்.

"நீ சொன்னது நெசம். நீலந்தான்" என்றார். ஆனால் அவர் நிறுத்தவில்லை. "நெசமா இருந்தா மட்டும் மாட்டிர முடியுமா? அங்க தெனமும் கல்லாவுல உக்காந்துக்கிட்டு, ஊரு தள்ளித் தள்ளிப் போறதையா அவன் பாக்கணும்? அவனுக்குக் கிட்டத்துல இருக்கிறதைக் குடு. எங்க கொல்லையிலேருந்து பாக்குற மாதிரி. நான் கேக்குறேன், கொஞ்சம் கறுப்பு அடிச்சுக் குடு பிள்ள."

வீட்டில் மறுத்தது சுலபம். அங்கே எல்லாரும் பார்க்காமல் பேசினார்கள். இவர் பார்த்துவிட்டுக் கேட்கிறார். தம்பிக்காகக் கேட்கிறார். கொடுத்தால் என்ன என்று என் மனம் வழக்கம்போல ஆரம்பித்தது. நான் பிடிவாதம் பிடிப்பது நியாயமா, ஒரு மனிதருடைய ஏக்கத்தைவிட என் நீலம் பெரிதா என்று அது கேட்டுக்கொண்டே போயிற்று. கேட்டு முடியட்டும் என்று விட்டேன்.

"அவர் தூரத்துலதான் இருக்கார் அக்கா. நானும் தூரத்துலதான் பொறந்தேன். பக்கத்துல இருக்கிற மாதிரி எழுதினா அந்த ஏழெட்டு மைல் இல்லாமப் போயிடுமா? நான் மாத்த மாட்டேன்" என்றேன்.

"பிடிவாதக்காரி" என்றார் அக்கா. கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை. "மலை நீலந்தான்னு அவன்கிட்ட நான் சொல்லுறேன். கண்ணால பாத்ததை இல்லைங்க மாட்டேன். ஆனா மாட்டுன்னு சொல்ல மாட்டேன். அதை அவன் பாடு, உன் பாடுன்னு விட்டுடுறேன்."

திரும்பிப் போக வண்டியில் ஏறும்போது அவர் பின்பக்கம் போகவில்லை. முன்னால் போய், வண்டிக்காரர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். வண்டிக்காரர் வயதானவர், "உள்ள உக்காருங்கம்மா, தூசி அடிக்கும்" என்று தயங்கினார்.

"அடிக்கட்டும். கறுப்பாவுறதையும் பாத்துக்கிட்டே போறேன். நீ ஓட்டு" என்றார் மைமூன் அக்கா.

வீட்டில் என் கணவர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். "என்ன சொன்னாங்க?"

"மாட்டுன்னு சொல்ல மாட்டாங்களாம்."

அவர் படத்தையும் என்னையும் பார்த்தார். "அப்ப பெட்டி..." என்று ஆரம்பித்தார்.

"பெட்டியை நான் மூடல. அன்னிக்கு நானாச் சொன்னேன். இன்னிக்கு நானே திருப்பி வாங்கிக்கிறேன். டியூபெல்லாம் உயரத்துல வைக்கிறேன், குழந்தை தூங்கும்போது மட்டும் எடுக்கிறேன். ஆனா மூட மாட்டேன்."

அவர் படத்தை என் கையிலிருந்து வாங்கி, கோழி மிதிக்காத இடமாகப் பார்த்து உள்ளே கொண்டுபோய் வைத்தார். அது சம்மதமா, இரக்கமா, பேச்சை வளர்க்க வேண்டாம் என்ற எண்ணமா? கப்பல் பாதி வழி போனதும் கேட்டுவிடலாம் என்று நினைத்திருக்கிறேன்.

வடமதுரையில் ரயிலேறினோம். பெட்டியில் நெரிசல். என் கணவர் படத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஈரம், ஈரம், தொடாதீங்க" என்று வழி கேட்டுக்கொண்டே வந்தார். சன்னலோரத்தில் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன மலைங்க இது, சாயம் போன மாதிரி இருக்கே?" என்றார். என் கணவர், "எழுதினவங்க அவங்க, அவங்களையே கேளுங்க" என்று என்னைக் காட்டினார்.

"திண்டுக்கல் மலை" என்றேன். "இதுதான் அதோட நிறம்."

சொல்லிவிட்டுச் சன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பின்னால் பார்த்தேன். ரயில் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. வயல்களுக்கு அப்பால், மரங்களுக்கு அப்பால், மலை இருந்தது. உற்றுப் பார்த்தேன். நான் எழுதியதைவிட அது இன்னும் வெளுப்பாக இருந்தது. பெரியத்தான் என்ன சொல்வாரோ, கணவர் என்ன நினைப்பாரோ என்று பயந்து எங்கேயோ என் கை வெள்ளையைக் குறைத்திருக்கிறது. அடுத்த படத்தில் குறைக்க மாட்டேன்.